மணி அண்ணையின் ஞாயிறுகள்

நவ. 10, சனி

விடியமுதல் மழை. ஹந்தானை மலை தெரியவில்லை. இவரின் இரண்டு சேட்டும் காயாமல் ஃபானுக்குக் கீழே.

இன்றைய வேலைகள்: இவரின் பிரஷர் குளிசை. குடைக்குக் கம்பி. பிள்ளையார் கோவிலுக்கு நல்லெண்ணெய். அக்குறணை, ரியாஸ்.

முதல் மூன்றும் நடக்கவில்லை. நாலாவதற்காக மாத்தளை பஸ் ஏறினேன். கட்டுகஸ்தோட்டையில் எல்லோரையும் இறக்கிச் சோதனை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பத்து நிமிடம். குடையில் கம்பி இல்லாத பக்கத்தால் தோள் முழுக்க ஈரம்.

ரியாஸ் என் மகன் கபிலனோடு ஒன்றாகப் படித்தவன். இப்போது அக்குறணையில் வாப்பாவின் கடைக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறான். கலியாணமும் ஆகிவிட்டது. மனைவி இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கபிலன் உன்னோடை கதைக்கிறவனோ?"

கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கதைக்கிற ஆன்டி. நெட்டுல ஒண்ணா கேம் வெளையாடுற. இப்ப எனக்கு நேரமில்ல, அவன் மட்டும் வாற. ஞாயித்துக்கிழமைல."

விளங்கப்படுத்தினான். பல நாட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் நடந்து திரியும் ஊர் மாதிரியான விளையாட்டு. ஆளுக்கொரு உருவம், தலைக்கு மேலே பெயர். எழுதிப் பேசலாம். கபிலன் லண்டனில் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. ஞாயிறு காலை வேலையால் வந்து, படுக்கமுதல் ஒரு மணித்தியாலம் விளையாடுவானாம். இங்கே அது பின்னேரம் இரண்டரை. அங்கே அவனுடைய பெயர் ஹந்தானை.

"என்னையும் அதுக்குள்ளை விடு" என்றேன்.

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான்.

"நான் சொன்னேன்டு அவன்ட்ட சொல்லிராதீங்க ஆன்டி."

பதினான்கு மாதமாக என் பிள்ளை என்னோடு பேசுவது கிழமைக்கு ஒரு வசனம். புதன்கிழமை ரெலிபோன் அடிக்கும். நான் எடுத்தால், "அப்பா நிக்கிறாரோ?" நான் நிக்கிறார் என்று சொல்லி இவரிடம் கொடுப்பேன். முடிந்தது.


நவ. 11, ஞாயிறு

மழை இல்லை. வெயிலும் இல்லை.

ரியாஸ் பத்து மணிக்கு நாலு சீ.டி.யோடு வந்தான். கபிலனின் அறையில் கொம்பியூட்டர், நான் போர்த்திய பூப்போட்ட படுக்கைவிரிப்புக்குக் கீழே அப்படியே. நெட் இணைப்பை வெட்டச் சொல்லி இவர் எத்தனையோ தரம் சொன்னார். நான்தான் விடவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

விரிப்பை எடுத்தேன். தூசி. கீபோர்ட்டில் N என்ற எழுத்து பாதி அழிந்திருக்கிறது. அவன் விரல் தேய்த்தது. அதை மட்டும் துடைக்கவில்லை.

ரியாஸ்: "மெஷின் பழசு ஆன்டி. ஓடும். ஆனா எல்லாத்தையும் கொறைச்சு வைக்கோணும்." திரையின் மூலையில் ஒரு எண் வர வைத்தான். ஒரு செக்கனுக்கு எத்தனை படம் மாறுகிறது என்று காட்டும் எண். இருபதுக்கு மேலே இருந்தால் ஆள் நடப்பது நடப்பது மாதிரி இருக்குமாம். கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று போன் வர, மிச்சத்தைச் சொல்லாமல் ஓடிவிட்டான்.

பெயர் கேட்டது. சுவரில் மணிக்கூடு. மணி என்று அடித்தேன். உருவம் கேட்டது. மாற்றத் தெரியாமல் முதலாவதை அமத்தினேன். இடுப்பு மட்டும் தாடி, கையில் கோடரி, என்னைப்போல் மூன்று மடங்கு அகலம்.

உள்ளே போனால் நல்ல வடிவான இடம். ஆறு, புல், தூரத்தில் மலை. ஆனால் அசையாது. இடது பக்கம் திரும்பச் சொன்னால் பேசாமல் நிற்கும். பிறகு மூன்று தரம் சுழன்று சுவரில் முட்டும். மூலையில் எண் 4.

இரண்டு நாற்பதுக்கு ஆரோ ஒருவர் பக்கத்தால் ஓடிப் போனார். பெயரைப் பார்க்கத் திரும்பினேன். நான் திரும்பி முடிய அங்கே ஒருவருமில்லை.

அவனாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மூன்றரை வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.


நவ. 13, செவ்வாய்

கந்தோரில் சாப்பாட்டு நேரம். பழைய கொம்பியூட்டரில் விளையாட்டை எப்படி ஓட வைப்பது என்று நெட்டில் எத்தனையோ பேர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுருக்கெழுத்தில் இறக்கிக்கொண்டேன். பெரிய கிளாக் வந்து எட்டிப் பார்த்து, "மொனவத மிஸிஸ் லியன்னே?" என்றார். என்ன எழுதுகிறேன் என்று கேட்கிறார். கேக் செய்முறை என்றேன். நம்பினார். பொய் எனக்கு லேசாக வருகிறது.

பின்னேரம் வீட்டில் செய்தது:

நிழல்: முழுக்க நிப்பாட்டினேன். 4 இருந்தது 7.
புல்: இல்லை. 9. நிலம் இப்போது பச்சைப் பாய்.
ஆற்றில் வானம் தெரிவது: வேண்டாம். 11.
திரை அளவு: 800க்கு 600. எழுத்து பெருத்துவிட்டது. கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். 14.
பின்னால் ஓடிக்கொண்டிருந்த மற்ற எல்லாம்: மூடினேன். 15.
கண்ணுக்குத் தெரியும் தூரம்: பாதியாகக் குறைத்தேன். 18. மலை போய்விட்டது. அது நின்ற இடத்தில் புகை.

மலையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். 15. எடுத்துவிட்டேன். மலை பார்க்கவா போகிறேன்.

இவர் டிஸ்பென்சரியால் வந்து, "என்ன, அவன்ரை அறையிலை லைற் எரியுது?" என்றார். கந்தோர் வேலை என்றேன்.


நவ. 18, ஞாயிறு

கண்டேன்.

கையெழுத்து ஓடவில்லை. முறையாக எழுத வேண்டும்.

இரண்டரைக்கே உள்ளே போய்க் கிணற்றடியில் நின்றேன். இவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். இரண்டு ஐம்பதுக்கு மெல்லிய ஒரு உருவம், பச்சைச் சால்வை, தலைக்கு மேலே ஹந்தானை. எனக்குக் கை ஓடவில்லை. பிறகு ஓடினது பிழையான பக்கம் ஓடியது. நேரே போய் அவன்மேல் முட்டி நின்றேன்.

கீழே எழுத்து வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்.

"அண்ணை, லாக் அடிக்குதோ, விட்டுவிட்டு ஓடுதோ? மணி எண்டா தமிழ் தானே?"

என் பிள்ளை என்னை அண்ணை என்கிறான்.

ஓம் என்று அடித்தேன். புதுசோ என்றான். ஓம். எங்கை இருந்து என்றான். கொழும்பு என்று அடித்தேன். அதை அடிக்க யோசிக்கவேயில்லை.

"வாங்கோ, காட்டுப்பக்கம் கூட்டிக்கொண்டு போறன். எனக்குப் பின்னாலை வாங்கோ."

ஓநாய் வந்து கடித்துச் செத்தேன். திரும்பக் கிணற்றடி. அவன் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போனான். திரும்பச் செத்தேன். ஐந்து தரம். ஒரு தரமும் சலிக்கவில்லை.

"பரவாயில்லை அண்ணை. நானும் முதல் கிழமை இருபது தரம் செத்தன்."

அந்தச் சொல்லை அவன் எழுதியது பிடிக்கவில்லை. விளையாட்டுத்தான்.

நான் அவனைத் தம்பி என்றேன். மணி அண்ணை அப்படித்தானே கூப்பிடுவார். நானும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறனான். அந்த ஒரு சொல்லாவது பொய் இல்லை.


நவ. 21, புதன்

குளிர். பருப்பு அடிப்பிடித்தது.

ஏழு மணிக்குப் போன். "அப்பா நிக்கிறாரோ?"

"நிக்கிறார்."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது, காட்டுக்குள் போகும்போது எண் 12க்கு விழுகிறது, என்ன செய்கிறது என்று. இவரிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். தண்ணீரை மெல்லமாகத் திறந்துவிட்டு. இவர் கேட்டவை: சாப்பிட்டியோ. அங்கை பனியோ. கோட் தடிப்பானதோ. அவன் சொன்ன பதில் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு என்னோடு ஒரு மணித்தியாலம் பேசியவன். அதே குரல் என்று நம்ப முடியவில்லை.


நவ. 25, ஞாயிறு

இன்று காடு. எண் 12, 10, 8. நான் நின்ற இடத்தில் நிற்க ஓநாய் என்னைச் சாப்பிட்டு முடித்துவிடுகிறது.

கபிலன் நின்று கேட்டான். "அண்ணை, உங்கடை மெஷின் என்ன? கிராபிக்ஸ் கார்ட் என்ன பேர்? ராம் எவ்வளவு? மை கொம்பியூட்டரிலை ரைற் கிளிக் பண்ணி, கடைசியிலை இருக்கிறதை அமத்துங்கோ."

அமத்தி, இருந்ததை இருந்தபடியே வாசித்து அடித்தேன். கார்டின் பெயர். பிறகு ராம்: 640.

அவனுடைய உருவம் அப்படியே நின்றது. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்.

"640 தானே?"

"ஓம் தம்பி."

பிறகு நிறைய எழுதினான். டெக்ஸ்சர் என்பதை மிகக் குறைவில் வைக்கச் சொன்னான். மற்ற ஆட்களின் சட்டை, முகம் எல்லாம் மங்கும், பரவாயில்லை. விளிம்பை வழவழப்பாக்குகிற ஒன்று இருக்கிறது, அதை அடியோடு நிப்பாட்டு. சத்தத்தையும் குறைத்து வைத்தால் கொஞ்சம் லேசாகும். ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு எண்ணைச் சொல்லச் சொன்னான். நான் சொல்லச் சொல்ல, "ம். அடுத்தது." கண்டிப்பான வாத்தியார் மாதிரி.

காட்டுக்குள் 24. முதல் தரம் ஒரு ஓநாயைக் கொன்றேன்.

அவன் முகம் இப்போது இரண்டு புள்ளியும் ஒரு கோடும்.

படுக்கமுதல் யோசித்தேன். பிற்பாடு அவன் ஒரு தரமும் அண்ணை என்று சொல்லவில்லை. களைத்திருப்பான். இரவு முழுக்க நின்ற பிள்ளை.


நவ. 28, புதன்

கொழும்பில் குண்டு என்று கந்தோரில் கதை. பஸ்ஸில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.

பின்னேரம் பொலிசும் ஆமியும் வீடுவீடாக. வீட்டிலுள்ளோர் விபரம் எழுதும் ஃபோம். கபிலனின் அறையைத் திறந்து பார்த்தார்கள். கட்டிலுக்குக் கீழே ரோச் லைற் அடித்தார்கள். படம் கண்டு, "புதா கொஹேத?" மகன் எங்கே?

"லண்டன்."

"ஹொந்தய்" என்றான் அந்த ஆமிப் பெடியன். நல்லது என்று. உண்மையாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

நாலு வீடு தள்ளி வாடகைக்கு இருக்கிற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவனுக்குக் காலில் செருப்பு இல்லை.

இப்படி ஒரு நாளில், அவனை அனுப்ப நான் செய்தது சரி என்று நெஞ்சு சொல்லுகிறது. ஞாயிறு வந்தால் பிழை என்கிறது.

போன் வந்தது. அதே வசனம்.


டிச. 2, ஞாயிறு

வெயில். மிளகாய் காயப் போட்டேன். இரண்டரைக்குப் பிறகு மறந்து, அணில் கொட்டிவிட்டது.

இன்று விளையாடவில்லை. ஆற்றங்கரையில் அவனுடைய உருவம் இருந்தது. என்னையும் இருக்கச் சொன்னான். எந்தக் கீ என்று சொல்லித் தந்தான்.

"உங்களுக்கு அம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அது உண்மை. "தம்பிக்கு?"

"இருக்கிறா. கண்டியிலை. கதைக்கிறேல்லை."

ஏன் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

பிறகு வரிவரியாக வந்தது.

"என்னைப் பிடிச்சு பதினொரு நாள் வைச்சிருந்தவங்கள். வெளியிலை வந்தாப் பிறகு அம்மா சொன்னா, மாமா வீட்டுக் கலியாணத்துக்கு ரெண்டு மாசம் லண்டன் போட்டு வா எண்டு."

"வந்தன்."

"கம்பஸ் துவங்கிற நேரம் போன் பண்ணினன். நீர் விலகிப்போட்டீரே, கடிதம் தந்திருக்கிறீரே எண்டினம். என்ரை கையெழுத்தாம். நான் ஒரு கடிதமும் எழுதேல்லை."

ஆர் எழுதினது என்று மணி அண்ணை கேட்டார்.

"எங்கடை வீட்டிலை வடிவா ரைப் அடிக்கிற ஆள் ஒராள் தான்."

திரையில் எழுத்து அசைந்தது. எனக்குத்தான் அசைந்திருக்கும்.

"பயத்திலை செய்திருப்பா தம்பி."

"ஓம். பயம் அவவுக்கு. படிப்பு என்ரை."

வேலைக்களை, படுக்கப் போறன் என்று போய்விட்டான். நான் ஆற்றங்கரையில் இருந்தேன். எழும்பும் கீயை மறந்துவிட்டேன்.


டிச. 5, புதன்

எழுதி வைக்கிறேன். ஒருவருக்கும் சொன்னதில்லை. இவருக்கும் இல்லை.

கம்பஸுக்குப் போன அந்தக் கடிதத்தைக் கந்தோரில் சாப்பாட்டு நேரம் அடித்தேன். ஒன்பது வரி. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று. ஒரு பிழையும் இல்லை. அவனுடைய பழைய லைப்ரரி அட்டையைப் பக்கத்தில் வைத்து, கழிவுத்தாளில் ஆறு தரம் பழகி, ஏழாம் தரம் கடிதத்தில் போட்டேன். கபிலன் என்று எழுதி கீழே ஒரு கோடு இழுப்பான். அந்தக் கோடும் இழுத்தேன்.

பதினொரு நாளும் அவனை வைத்திருந்த இடத்து வாசலில் நின்றேன். திரும்பி வந்த பிறகு படலை சத்தம் கேட்டால் கட்டிலில் எழும்பி இருப்பான். இரண்டு கையும் மடியில், தெரியும்படி. பால்காரன் என்றாலும் அப்படித்தான்.

கேட்டுப் பார்த்தேன், நேராகத்தான். "போயிடு தம்பி."

"இன்னும் ஒரு வருஷம் தானே அம்மா. முடிச்சுப்போட்டுப் போறன்."

எனக்கு ஒரு கிழமையே நெஞ்சில் கொள்ளவில்லை. அவன் ஒரு வருஷம் என்கிறான்.

விமான நிலையத்தில் கையசைத்தான். "வரேக்கை உங்களுக்குச் சீலை வாங்கியரட்டோ?" என்றான். வாங்கி வா என்றேன்.


டிச. 9, ஞாயிறு

ஒன்றே காலுக்குக் கரண்ட் போனது. ஐந்து மணிக்கு வந்தது.

சும்மா இருக்கவில்லை: கீபோர்ட் துடைத்தேன் (N தவிர). அவன் மேசை லாச்சி அடுக்கினேன். திரும்பக் கலைத்து அவன் வைத்திருந்த மாதிரி வைத்தேன். இரண்டரை, இரண்டே முக்கால், மூன்று. அங்கே அவன் கிணற்றடியில் நிற்பான். அல்லது நிற்கமாட்டான்.

இவர் எழும்பி வந்து அறை வாசலில் நின்றார். கரண்ட் இல்லாத திரைக்கு முன்னால் நான். தேத்தண்ணி அவரே போட்டுக்கொண்டுவந்து வைத்தார். சீனி போட மறந்துவிட்டார்.


டிச. 16, ஞாயிறு

நல்ல குளிர். சுவெட்டர்.

கிணற்றடியில் நின்றான். "போன கிழமை காணேல்லை" என்றான். கரண்ட் இல்லை என்றேன். கொழும்பிலையோ என்றான். ஓம் என்றேன்.

மலைப்பாதையில் ஏறினோம். பாதியில் எண் 11. நான் நின்றுவிட்டேன். அவன் முன்னால் போய்த் திரும்பி வந்தான்.

"செட்டிங்ஸிலை குறைக்க இனி ஒண்டும் இல்லை" என்று எழுதினான். "மெஷினைத் திறக்கோணும்."

எப்படி என்று கேட்டேன்.

"இடப்பக்க மூடி. ரெண்டு ஆணி. உள்ளுக்கை ரெண்டு ராம் பக்கத்திலை பக்கத்திலை இருக்கும். ஒண்டு 512. மற்றது 128, பச்சை நிறம். அது ரியாஸின்ரை உடைஞ்ச மெஷினிலை இருந்து நான் கழட்டிப் போட்டது. அது ஸ்பீட் குறைஞ்சது, மற்றதையும் இழுத்துப் பிடிக்குது. அதைக் கழட்டி விடுங்கோ."

நான் வாசித்துக்கொண்டிருக்க இன்னொரு வரி வந்தது.

"மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ அம்மா."

நான் சுவிச்சைத்தான் நிப்பாட்டினேன். அந்த நேரமே. திரை கறுப்பு.

640. அந்தக் கணக்கில் ராம் உள்ள மெஷின் ஊரில் வேறெங்கே இருக்கப் போகிறது. அன்றைக்கே பிடித்துவிட்டான். அப்படியென்றால் ஆற்றங்கரையில் இருந்து சொன்னதெல்லாம் மணி அண்ணைக்கு இல்லை. என் முகத்துக்கு.

மிளகாய் இன்றும் வெளியே கிடந்தது.


டிச. 17, திங்கள்

கந்தோரில் ஒரு கடிதத்தை நாலு தரம் அடித்தேன். தலையிடி என்று சொன்னேன்.

ஏன் நிப்பாட்டினேன்? அவன் அம்மா என்று எழுதினான். பதினைந்து மாதத்துக்குப் பிறகு எழுதினான். நான் ஓடிவிட்டேன்.


டிச. 19, புதன்

போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. இவர் எடுத்தார். வைத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"கொம்பியூட்டர் ஓடுதோ எண்டு கேட்டவன்."

அப்போதுதான் எல்லாம் சொன்னேன். விளையாட்டு, மணி, கொழும்பு. பிறகு கடிதம். கடிதத்தைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது எனக்குத் தெரியும்" என்றார். "அவன் அண்டைக்கே சொல்லிப்போட்டான்."

"பிறகேன் ஒரு சொல்லும் கேக்கேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

பதினைந்து மாதம், இந்த மனுசனும். கோபித்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.


டிச. 22, சனி

மெயின் சுவிச்சை நிப்பாட்டினேன். இடப்பக்க மூடி. இரண்டு ஆணி. இவர் ரோச் பிடித்தார். வெளிச்சம் எல்லா இடமும் போனது.

"பச்சை எது?"

"நீங்கள் நேரே பிடியுங்கோ, அப்பதானே தெரியும்."

இரு பக்கமும் கிளிப். நெம்ப வந்துவிட்டது. விரல் நீளத் தகடு. தூசியை ஊதினேன். வேலை செய்யாவிட்டால் என்ற பயத்தோடு சுவிச்சைப் போட்டோம். ஓடியது. கிணற்றடி 31. மலைப்பாதை 22.

இவர் திரையைப் பார்த்து, "இந்தத் தாடிக்காரன் ஆர்?" என்றார்.

நான்தான் என்றேன். கனகாலத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார்.


டிச. 23, ஞாயிறு

ஒரு மணிக்கே இருந்துவிட்டேன். மழை இல்லை.

மணியை அழிக்கவில்லை. உருவம் மாற்றினால் அவனுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று பயம். இரண்டரை. மூன்று. மூன்று ஐந்துக்கு வந்தான். கிணற்றடியில், எனக்கு எதிரே நின்றான்.

நான் எழுதினேன். வாரம் முழுக்க யோசித்தது ஒன்றும் வரவில்லை.

"கடிதம் நான் தான் ரைப் அடிச்சனான். கையெழுத்தும் நான் தான் போட்டனான்."

"ஓம்."

"பிழை தம்பி."

"ஓம்."

"உன்னை அனுப்பினது பிழையில்லை. இப்பவும் அனுப்புவன். உனக்குச் சொல்லாமல் செய்தது பிழை."

பக்கத்தால் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்களைச் சுற்றி வந்து துள்ளிவிட்டுப் போனான்.

"சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டன்."

"தெரியும். அதாலை தான் சொல்லேல்லை."

"இங்கை என்ன செய்யிறன் தெரியுமோ? ராத்திரி முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னாலை நிக்கிறன். என்னோடை படிச்சவங்கள் எல்லாம் இப்ப இஞ்சினியர்."

வேறென்ன சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும். "தெரியும்" என்று மட்டும் அடித்தேன். பிறகு அதுவும் போதாது என்று, "அங்கை படிக்க ஏலாதோ?" என்று கேட்டேன்.

"பாக்கிறன். ரெண்டு இடத்துக்கு எழுதியிருக்கிறன். அப்பாக்கும் சொல்லேல்லை."

எனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறான். அதை அவன் யோசித்து எழுதினானா தெரியாது. நான் கேட்கவில்லை.

"கோபம் போகேல்லை அம்மா."

"போக வேண்டாம். இருக்கட்டும்."

"ராமைக் கழட்டினியளோ?"

"கழட்டினம். அப்பா ரோச் பிடிச்சவர்."

"எத்தினை வருது?"

"31."

"நல்லம். அப்ப தூரத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கோ. முழுக்க வேண்டாம். முக்கால்."

வைத்தேன். 24. புகை பின்னால் போனது. மலையின் அடி தெரிந்தது. உச்சி தெரியவில்லை.

அதன் பிறகு பத்து நிமிடம் சண்டை. ஓநாய் இல்லை, கரடி. அவன் இடது பக்கம், இடது பக்கம் என்று எழுதிக்கொண்டிருந்தான். நான் வலது பக்கம் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் செத்தோம்.

கிணற்றடியில் எழும்பி நிற்க எழுதினான்: "படுக்கோணும். புதன் எடுக்கிறன். அப்பாவோடை முதல் கதைக்கிறன். பிறகு பாப்பம்."

பிறகு பார்ப்போம். சரி.

"வாற ஞாயிறு எனக்குப் பகல் வேலை. வர ஏலாது."

ஓம் என்று அடிக்கப் போனேன். அதற்குள் அடுத்த வரி வந்தது.

"சனி ஏலுமோ?"

முப்பது வருஷம் ரைப் அடித்த கை. ஏலும் என்று அடிக்க ஆங்கில எழுத்து நாலில் இரண்டு பிழை. அப்படியே அனுப்பிவிட்டேன்.